கதையை நிறுத்தும் பாட்டு

மும்பையின் தேவ்நார் பக்கம் பள்ளி ஆண்டுவிழாவுக்கு நாடகக் கதை தேடுகிறவர்கள் அனான்சியைக் கூப்பிட்டுப் பாருங்கள். கானா நாட்டு அகான் மக்களின் சிலந்தி அவன். ஆள் சின்னவன், தந்திரம் பெரிது.

உலகத்துக் கதைகளெல்லாம் வானக் கடவுள் நியாமேயிடம் இருந்தன. மலைப்பாம்பு, சிறுத்தை, குளவிக் கூட்டம் எல்லாவற்றையும் பிடித்து வந்தால் தருவதாகச் சொன்னார். அனான்சி பாம்பிடம் போனான். "நீ நீளமா, இந்தக் கம்பு நீளமா? வீட்டில் இதே சண்டை!" பாம்பு கம்பை ஒட்டிப் படுத்து அளவு காட்டியது. அப்படியே கொடியால் கட்டிவிட்டான்.

அகான் ஊர்களில் கதை நடுவே, கேட்கிறவர் ஒருவர் சட்டென்று பாட்டெடுக்கலாம். கூட்டமே கைதட்டி ஆடும். கதைசொல்லி காத்திருக்கத்தான் வேண்டும். நம் ஊர்ப் பாகவதர் பொறுப்பாரா, சந்தேகம்தான்! 'ம்போகுவோ' எனும் இந்த வழக்கத்தை மேடை நாடகத்துக்குள் கொண்டுவந்தவர் கானாவின் எஃபுவா சதர்லாந்து. அக்ராவில் 1961இல் திறக்கப்பட்ட நாடக அரங்கம் அவர் உருவாக்கியது. பிள்ளைகளுக்கென்றே தாள நாடகங்களும் எழுதினார்.

இந்தப் பாட்டுக்கு வாத்தியம் தேடி ஆப்பிரிக்கா வரை போக வேண்டாம். பக்கத்துக் குஜராத்தில், ஆப்பிரிக்க வம்சாவளிச் சித்தி மக்கள் மலுங்கா வாசிக்கிறார்கள். ஒரு வில், ஒற்றைத் தந்தி, ஒரு சுரைக்குடுக்கை. நம் வில்லுப்பாட்டுக்காரர் பார்த்தால் உறவு கொண்டாடுவார்.

குளவிகளை, மழை வருகிறதென்று ஏமாற்றி, அனான்சி அடைத்ததும் சுரைக்குடுக்கையில்தான். குளவி வேடத்துக்கு ஒன்றாம் வகுப்பை விடுங்கள். ரீங்காரத்துக்கு அவர்களுக்கு ஒத்திகையே வேண்டாம்.