உவர்நீர் ஊரில் தோட்டக் கல்வி



விழா நாள்களில் மரக்கன்று வழங்குவதும் விதைப் பொட்டலம் வழங்குவதும் இக்காலத்தில் வழக்கமாகிவிட்டன. நல்ல வழக்கந்தான். ஆயினும் தூத்துக்குடி நகரத்து மொட்டை மாடிகளில் ஏறிப் பார்ப்பவர் கண்ணில் படுவது பெரும்பாலும் வேறொரு காட்சி. வெயிலில் நொறுங்கிப்போன வளர்ப்புப் பைகள். அவற்றுள் பாதியளவு தேங்காய் நார்க்கழிவு. அதன்மேல் சுண்ணாம்பு தடவியது போல் வெண்மையாய்ப் படிந்த உப்பு. வீட்டாரைக் கேட்டால், "இந்த ஊர்த் தண்ணிக்கு ஒண்ணும் வராது" என்பர். அந்த விடை பாதி உண்மை. மறுபாதியை உரிய காலத்தில் சொல்லித் தர ஒருவர் இல்லாமற் போனதே அந்தப் பைகள் வெறுமையான காரணம். தோட்டக் கலைக் கூட்டங்களும் பயிற்சிகளும் இவ்வூரில் எவ்வாறு அமைய வேண்டும் என்பதே இன்றைய உரையின் பொருள்.

ஊரின் இயல்பை முதலில் நோக்குவோம். குறைந்த மழை, நீண்ட வெயில், ஓயாத காற்று, உவர்ந்த நிலத்தடி நீர் ஆகிய நான்கும் கூடியதால்தான் இங்கே உப்பளங்கள் செழித்தன. உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்துக்கு உரியது என்றால், அதிற் பெரும்பங்கு இக்கரையினது. உப்பளத்தாருக்கு வரமாக அமைந்த அதே நான்கும் தோட்டக்காரருக்குச் சோதனை. பிற மாவட்டத்துப் பயிற்சிக் கையேட்டை அப்படியே இங்குக் கொண்டுவந்து படித்துக் காட்டினால் பயன் விளையாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

உவர் எவ்வாறு செடியைக் கொல்கிறது? செடி வேர்வழி நீரை மட்டுமே பெரும்பாலும் உறிஞ்சுகிறது. உப்பின் மிகுதி மண்ணிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊரில் வளர்ந்தவர்கள் செடிக்கும் சிக்கனமாக, நாளொன்றுக்கு ஒரு குவளை என்று ஊற்றுவர். அக்குவளை நீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பு நாள்தோறும் பையில் சேர்கிறது. இரண்டு திங்களில் வேரைச் சுற்றியுள்ள ஈரம் ஊற்றிய நீரினும் பன்மடங்கு உவர்ப்பாகிவிடும். ஈரம் இருந்தும் செடியால் அதைப் பருக இயலாது. கடல் நடுவே தாகத்தால் வாடும் மாலுமியின் நிலை அது. இலையின் ஓரங்கள் கருகுவதைக் கண்டு, நீர் போதவில்லை என்று எண்ணி மேலும் அரைக் குவளை ஊற்றுவர். அந்த அரைக் குவளையும் உப்பையே கொண்டுவரும். செய்ய வேண்டியது இதற்கு மாறானது. அடித்துளை வழியே நீர் வழிந்தோடும் வரை நிறைய ஊற்றி, இடைவெளி விட்டு மீண்டும் ஊற்றுதல். மழை பெய்யும்போது பைகளை மூடாமல் திறந்து வைத்து உப்பைக் கழுவ விடுதல். குளிர்சாதனக் கருவியிலிருந்து சொட்டும் நீரைச் சேர்த்து வைத்து நாற்றுகளுக்கு வார்த்தல். அந்நீரில் உப்பு ஏறத்தாழ இல்லை எனலாம். வீட்டுச் சுத்திகரிப்புக் கருவி வெளித்தள்ளும் கழிவுநீரோ முன்னைவிட உவர் மிகுந்தது. அதை வீணாக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தால் செடிக்கு ஊற்றி அழித்தவர் பலர்.

நார்க்கழிவின் கதை இன்னும் வேடிக்கையானது. பதப்படுத்தாத நார்க்கழிவில் இயல்பாகவே உப்புகள் உண்டு. உவர்நீரில் ஊறிய மட்டையிலிருந்து எடுத்ததாயின் மேலும் மிகும். தமிழகத்து நார்க்கழிவுக் கட்டிகள் தூத்துக்குடித் துறைமுகம் வழியே கொள்கலன்களில் அயல்நாடுகளுக்குச் செல்கின்றன. அங்குள்ள பசுங்குடில் உழவர் அதை வாங்கும்போது உப்பின் அளவைக் குறிப்பிட்டுக் கேட்கின்றனர். அதற்கென நன்னீரில் பலமுறை கழுவி, கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்துப் பதப்படுத்தி அனுப்புவதுண்டு. துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழும் இல்லத்தரசியோ கட்டியை வாங்கி ஒருமுறை நனைத்து, அப்படியே விதையூன்றுகிறார். கழுவ வேண்டும் என்ற ஒரு சொல் அவர் காதில் விழுந்ததில்லை.

எச்செடி எவ்வளவு உவரைத் தாங்கும் என்பதையும் அறிவியலார் அளந்து வைத்துள்ளனர். மண்ணின் உவரை மின்கடத்து திறனால் அளப்பது முறை, அலகு டெசிசீமன்ஸ். பீன்ஸும் காரட்டும் 1 என்ற அளவைக் கடந்தாலே விளைச்சல் குன்றும். வெங்காயமும் முள்ளங்கியும் 1.2. தக்காளி 2.5 வரை பொறுக்கும். கத்தரி, முருங்கை, பாலக்கீரை, சப்போட்டா, தென்னை ஆகியவை இவ்வூருக்கு இணங்கி வருபவை. காரட், முள்ளங்கி, வெங்காயம் ஆகியவற்றை விலக்கி உண்ணும் இல்லங்களுக்கு இந்தப் பட்டியலால் பெரிய இழப்பு இல்லை என்பதையும் இங்கே குறிப்பிடலாம். நீரிலுள்ள உப்பை அறிய ஆய்வகம் செல்ல வேண்டியதில்லை. குடிநீர்க் கருவி பழுது பார்ப்பவர் சட்டைப்பையில் வைத்திருக்கும் சிறு மானியே தொடக்கத்துக்குப் போதும். அதில் 600 அளவில் எண் காட்டினால் அது ஏறத்தாழ 1 டெசிசீமன்ஸ்.

அடுத்தது காலம். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொல்வது தமிழ் மரபு. ஆனால் தூத்துக்குடிக் கரையில் ஆடி என்பது புழுதிக் காற்றின் மாதம். மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்றால் வருவது. கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் உழவர் புரட்டாசியில் மழையை எதிர்நோக்கி விதைப்பதன் காரணம் இதுவே. மாடியில் இரண்டு பை வைத்திருப்பவரும் ஆடியில் நாற்று நட்டால் காற்றோடு போராட வேண்டும். ஆவணி இறுதியில் நாற்றுவிட்டுப் புரட்டாசியில் நட்டால் மழையே பாதி வேலையைச் செய்துவிடும்.

கோவில்பட்டி என்றதும் ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கப்பெற்றது. 1963இல் கோ. நம்மாழ்வார் என்ற இளம் வேளாண் பட்டதாரி அங்குப் பணியேற்றார். மானாவாரி நிலத்து ஏழை உழவனுக்கு எட்டாத இடுபொருள்களை வைத்துக்கொண்டு நடத்தும் ஆய்வு அவனுக்கு எவ்வாறு பயன்படும் என்று வினவி, 1969இல் பணியைத் துறந்தார். பிற்காலத்தில் இயற்கை வேளாண்மையின் குரலாகத் தமிழகமெங்கும் நடந்தார். 2013 டிசம்பரில் மறைந்தார். அவருடைய கருத்துகள் அனைத்தையும் ஏற்பதோ மறுப்பதோ அவரவர் உரிமை. அவர் எழுப்பிய வினா மட்டும் தோட்டப் பயிற்சி நடத்துவோர் ஒவ்வொருவரையும் நோக்கி நிற்கிறது: கற்பிப்பவர் நிலத்தில் விளைவது கற்பவர் நிலத்தில் விளையுமா?

நம் நாட்டில் தோட்டக் கூட்டங்கள் புதியன அல்ல. சென்னையில் வேளாண் தோட்டக்கலைச் சங்கம் 1835இல் தோன்றியது. உதகை மலர்க் கண்காட்சி 1896 முதல் நடைபெற்று வருகிறது. கண்ணுக்கு விருந்தளிக்கும் இத்தகைய விழாக்களில் பரிசு பெறுவது மலர்ந்த பூ. வாடிய செடியை மேடையேற்றுவார் இலர். கற்க வேண்டியதோ வாடிய செடியிடம்தான் மிகுதி.

இதை நன்குணர்ந்து எழுந்த முறை 1989இல் இந்தோனேசியாவில் உருவானது. ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் துணையோடு நெல்வயல்களில் அமைந்த உழவர் வயல்வெளிப் பள்ளி அது. புகையான் பூச்சியால் நெல் அழிந்தபோது, மருந்தை மிகுதியாகத் தெளித்ததே அப்பூச்சி பெருகக் காரணம் என்று கண்டனர்; ஏனெனில் அதை உண்ணும் சிலந்திகள் மருந்தால் மடிந்தன. இதை மேடையில் முழங்குவதால் உழவர் நம்பார். எனவே இருபது முப்பது பேர் வாரந்தோறும் ஒரே வயலில் கூடி, விதைப்பு முதல் அறுவடை வரை செடியையும் பூச்சியையும் தாமே எண்ணி, வரைந்து, விவாதித்து முடிவெடுத்தனர். ஒரு பட்டம் முழுவதும் வகுப்பு. இம்முறை பின்னர்த் தமிழகத்துக்கும் வந்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1970களின் தொடக்கத்தில் வேறொரு வழி கண்டனர்: தன்னார்வலருக்குப் பயிற்சி அளித்து, அதற்கு ஈடாக அண்டை வீட்டார் ஐயங்களுக்கு அவர் குறித்த மணி நேரம் விடை சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு செய்தனர். சிங்கப்பூரில் 2005இல் அரசின் பூங்கா வாரியம் தொடங்கிய குடியிருப்புத் தோட்டத் திட்டத்தில் இன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் உள்ளன. அடுக்குமாடிகளின் அடியில் அவற்றைக் கூடிப் பேணுவோர் அங்கு வாழும் மக்களே.

இங்கே கற்பிப்பவர் இல்லையா? உண்டு. கிள்ளிகுளத்தில் வேளாண் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும், வாகைக்குளத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் இம்மாவட்டத்துக்கே உரியவை. பயிற்சிகள் நடக்கின்றன, கேட்டுச் செல்வோர் குறைவு. இந்நிலையங்களும் மக்களிடம் கற்றவைதாம். கே.கே.எம். 1 என்ற கத்தரி இரகம் கிள்ளிகுளத்தார் வெளியிட்டது. சிறிய, பால்வெண்ணிறக் காய்கள். கொத்துக்கு இரண்டு முதல் நான்கு. அது கடல் கடந்து வந்ததன்று. குளத்தூர் நாட்டுக் கத்தரியிலிருந்து தெரிவு செய்யப்பெற்றது. பெயர் தெரியாத எத்தனையோ பாட்டிமார் நல்ல காயை விதைக்கென விட்டு, சாம்பலில் புரட்டி அடுத்த ஆண்டுக்குக் காத்ததன் பயன் அந்த இரகம்.

விதையைக் காப்பதில் இப்போது ஓர் அவசரமும் சேர்ந்துள்ளது. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். தாமிரபரணிக் கரையூர்களில் வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது நகையும் ஆவணமும் போனதை எழுதினார்கள். பரணிலும் பானையிலும் இருந்த விதையைப் பற்றி எழுதியவர் இலர். ஓர் இரகம் ஒரே வீட்டில் இருக்குமானால் ஒரு வெள்ளம் போதும். பத்து வீடுகளில் பகிர்ந்திருந்தால் ஒன்றிலேனும் மிஞ்சும். விதைப் பகிர்வு நாள் என்பது இந்தக் கணக்கின்மேல் அமைவது.

இம்மன்றத்தார் தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு: பூச்சியைக் கொல்லாமல் தோட்டம் செய்ய இயலுமா? மண்ணைக் கிளறுவோர் ஓருயிருக்கும் ஊறு செய்யாதிருத்தல் அரிது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. இல்லறத்தாரின் அணுவிரதம் விலக்குவது அறிந்து செய்யும் கொலையை. அறியாமையால் நிகழும் கொலையோ தோட்டத்தில் மிகப்பெரிது. பொறிவண்டை நண்பன் என்று அறிந்தவர்கூட, கருமை நிறத்தில் செம்புள்ளியோடு முதலை போல் ஊரும் அதன் புழுவைக் கண்டால் நசுக்கிவிடுகின்றனர். அசுவினி நிறைந்த அவரைக் கொடியில் அப்புழு ஊர்வதை ஒருமுறை உருப்பெருக்காடி வழியே காட்டினால், அக்குடும்பத்தார் மறுமுறை கை ஓங்கார். மெல்லிய வலையால் நாற்றை மூடுதலும், முட்டையிட்ட இலையைத் தொலைவில் கொண்டு சேர்த்தலும் ஊறு குறைந்த வழிகள். வேப்பங்கொட்டைச் சாறு பூச்சியை இலையை உண்ண விடாமல் விலக்குவது உண்மை. இளம்புழுவின் தோலுரிப்பைக் குலைத்து அதை அழிக்கவும் செய்யும் என்பதை மறைத்து, 'அகிம்சை மருந்து' என்று விற்பது மட்டும் முறையன்று.

குடிக்கவே நீர் தட்டுப்படும் ஊரில் செடிக்கு ஏது நீர் என்று கேட்பவரும் உளர். நியாயமான கேள்வி. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஏறத்தாழ 900 லிட்டர். தமிழகத்தில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். குழாயும் தொட்டியும் பல வீடுகளில் உள்ளன. தூர் வாரப்படாமல் உள்ளன. தோட்டக் கூட்டத்தின் முதல் வேலை செடி நடுவதாக அன்றி அத்தொட்டியைத் திறப்பதாக இருக்கலாம்.

இவ்வளவும் செய்யப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஆவணியில் தொடங்கி மாசி வரை மாதம் ஒரு ஞாயிறு, ஒவ்வொரு முறையும் ஓர் உறுப்பினர் வீட்டு மாடியில் கூடினால் ஏழு கூட்டங்கள். ஒருவர் பேசப் பிறர் கேட்கும் கூட்டமாக அது அமைய வேண்டாம். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிற்றூர்களில் நடத்திய பயிர் மருத்துவ முகாம்களில், உழவர் நோயுற்ற இலையைக் கையில் கொண்டுவந்து மேசைமேல் வைத்துக் கேட்பர். அம்மேசை ஒன்று போதும். கிள்ளிகுளத்திலிருந்தோ வாகைக்குளத்திலிருந்தோ அறிஞர் ஒருவரைப் பட்டத்துக்கு இருமுறை அழைக்கலாம். எஞ்சிய நாள்களில் உப்பளத்தில் வேலை செய்த முதியவரும், ஆத்தூர்க் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளியவரும், உடன்குடித் தேரி மணலில் முருங்கை வைத்தவரும் ஆசிரியர் ஆகலாம்.

முதற் கூட்டத்துக்கு வருவோர் கொண்டுவர வேண்டியவை மூன்று: வீட்டுக் கிணற்று நீர் அல்லது ஆழ்குழாய் நீர் ஒரு சிறு குப்பி, பயன்படுத்தும் நார்க்கழிவு ஒரு கைப்பிடி, சென்ற ஆண்டு பட்டுப்போன செடி, வேரோடு.