தாதியர் பணியில் தேக்கமும் திசையும்

(நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், தாதியராகப் பணியாற்றும் பழைய மாணவியர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



தாதியரைப் பற்றிப் பேசினால் சேவை, தியாகம் என்ற சொற்களே முதலில் வரும். நாங்கள் இன்று பேச விரும்புவது, எங்களிற் பலர் வெளியே சொல்லாத ஒரு விடயம். பத்துப் பதினைந்து வருடம் வேலை செய்த பிறகு, "இனி இதில் எனக்கு என்ன இருக்கிறது?" என்று மனம் சலித்துப்போகும் நிலை அது.

அரச சேவையில் மூன்றாம் தரம், இரண்டாம் தரம், முதலாம் தரம் என்று படிகள் உண்டு. வருடங்கள் போகப் போகத் தரம் உயரும். ஆனால் வாட்டில் செய்யும் வேலை பெரும்பாலும் மாறாது. அதே மருந்துத் தள்ளுவண்டி, அதே காயக்கட்டு, அதே இரவுக் கடமை. தனியார் வைத்தியசாலைகளில் அந்தப் படிகளும் குறைவு. இந்த நிலைக்கு வந்தவளிடம் வீட்டாரும் உறவினரும் சொல்வது இரண்டு வழிதான்: வெளிநாடு போ, இல்லாவிட்டால் வேலையை விடு. இரண்டையும் தேர்ந்தவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்லமாட்டோம். ஆனால் மூன்றாவது வழியும் உண்டு என்பதைச் சொல்லவே இந்த உரை.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆட்பற்றாக்குறையாலும் தொடர் இரவுக் கடமையாலும் வரும் களைப்பு வேறு, தேக்கம் வேறு. களைப்புக்கு ஓய்வும் இடமாற்றமும் தொழிற்சங்கமும் மருந்து. போதிய ஓய்வு எடுத்த பிறகும் வேலை வெறுமையாகத் தோன்றினால், அது தேக்கம். எங்களுக்குத் தெரிந்ததைவிடக் குறைவாகவே எங்களிடம் கேட்கப்படுகிறது என்பதுதான் அதன் பொருள்.

எங்கள் நாட்டிலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. இலங்கை மருத்துவச் சங்கம் உலக நீரிழிவு மன்றத்தின் உதவியோடு நடத்திய 'நிரோகி லங்கா' திட்டத்தில், தாதியர் பலர் நீரிழிவுக் கல்வி அளிப்பவர்களாகப் பயிற்றப்பட்டார்கள். கிளினிக்கில் டொக்டருக்கு ஒரு நோயாளியோடு சில நிமிடங்களே கிடைக்கும். இன்சுலினை எவ்வளவு இழுப்பது, வயிற்றில் ஊசி போடும் இடத்தை ஏன் மாற்றுவது, குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அதை ஈரமான மண்பானைக்குள் எப்படி வைப்பது, உறைந்துபோன இன்சுலினை ஏன் எறிய வேண்டும், இரவில் பாதத்தை ஏன் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்லிக்கொடுக்க அரை மணித்தியாலமாவது வேண்டும். அந்த அரை மணித்தியாலத்தைத் தன் தொழிலாக்கிக்கொண்ட தாதி வைத்தியசாலையையும் விடவில்லை, சீருடையையும் விடவில்லை. ஆனால் அவளுடைய வேலை புதிதாகிவிட்டது. ஒரு கால் துண்டிக்கப்படாமல் தப்புவது அவளுடைய கையிலும் இருக்கிறது.

தமிழ் பேசும் எங்களுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. "தமிழ் தெரிந்த மிஸி இருக்கிறாவா?" என்ற கேள்வியைக் கொழும்பு வைத்தியசாலைகளில் நாங்கள் கேட்காத நாள் குறைவு. கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் அம்மாவும் மலையகத்திலிருந்து மாற்றி அனுப்பப்பட்ட ஐயாவும் மருந்து உறையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியதை வாசிக்க முடியாமல் நிற்பார்கள். பக்கத்து வாட்டிலிருந்து கூப்பிடுவதை மேலதிகச் சுமை என்றே நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் அது ஒரு திறமை. மும்மொழியில் நோயாளிக்கு விளங்கவைக்கத் தெரிந்தவள், நோயாளர் கல்வியிலோ, புற்றுநோய்ப் பராமரிப்பிலோ, மனநலத்திலோ தனக்கென ஓர் இடத்தைத் தேடிக்கொள்ளலாம்.

உலக அளவில் சிசிலி சோண்டர்ஸின் வாழ்க்கையைப் பாருங்கள். லண்டனில் தாதியாகப் பயின்ற அவரால் முதுகு வலியால் வாட்டு வேலையைத் தொடர முடியவில்லை. வைத்தியசாலைச் சமூகப் பணியாளரானார். மரணப் படுக்கையில் இருந்தவர்களின் வலியைக் கவனித்தார். பிறகு மருத்துவம் படித்து 1957 இல் வைத்தியரானார். 1967 இல் அவர் திறந்த சென்ட் கிறிஸ்டோபர் இல்லமே நவீன அந்திமகாலப் பராமரிப்புக்கு வழிகாட்டியது. ஒவ்வொரு முறையும் அவர் திசை மாறினாலும், தாதியாக இருந்து கண்ட நோயாளியை அவர் விடவேயில்லை.

அப்படியானால் எங்கே தொடங்குவது? ஒரு மாதத்துக்கு ஒரு சிறு கொப்பி வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் உங்களை எதற்காகத் தேடி வருகிறார்கள் என்று குறியுங்கள். கனூலா போடவா, அழும் உறவினரைத் தேற்றவா, புதிதாக வந்த பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவா? உங்கள் திசை அந்தக் கொப்பியிலேயே இருக்கும். தொற்றுத் தடுப்பு, தீவிர சிகிச்சை, பொதுச் சுகாதாரம், தாதியர் ஆசிரியை என்று பாதைகள் பல. வேலையில் இருந்துகொண்டே தாதியர் பட்டம் பெற நாவலையில் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. பிள்ளைகளோடும் இரவுக் கடமையோடும் அது எளிதல்ல. வீட்டில் யார் சமைப்பது, யார் பிள்ளையைப் பார்ப்பது என்று முதலிலேயே பேசி முடிவு செய்தவர்களே அதை முடித்திருக்கிறார்கள். ஆங்கிலத்தில் படிக்க வேண்டியிருப்பதே பலருக்குப் பெரிய தடை.

ஆகவே இந்த நூற்றாண்டில் எங்கள் சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். தாதியராக உள்ள பழைய மாணவியருக்கும், இத்துறைக்கு வர விரும்பும் உயர்தர மாணவியருக்கும் சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்பு ஒன்றைத் தொடங்குங்கள். கற்பிக்க எங்களிற் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம். ஒரு வகுப்பறையும் ஒரு மின்விசிறியும் தந்தால் போதும்.