அதிகாரசபைக்கு அதிகாரம் வேண்டும்
(யாழ்ப்பாணத்தில் நடந்த தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இங்கே காணியைப் பரப்புக் கணக்கில் பேசுகிறீர்கள். ஒரு பரப்பு 10 பேர்ச். தோட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு வீடு கட்ட ஒதுக்கி வந்தது 7 பேர்ச். ஒரு பரப்புக்கூட இல்லை. அதற்கும் உறுதி கிடைக்காமல் லயத்திலேயே காத்திருப்போர் பலர்.

1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபை நிதி தோட்டத்துக்குள் வரத் தடையாக நின்றது. பாதை உடைந்தாலும் துரையிடம்தான் போய் நின்றோம். 2018இல் அதைத் திருத்தினார்கள். அதே ஆண்டு, 32ஆம் இலக்கச் சட்டத்தால் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபை உருவானது. அதை விட்டுக்கொடுக்க மாட்டோம்.

ஆனால் காணி அரசுடையது. 1992 முதல் பெரும்பாலான தோட்டங்களை நடத்துவது கம்பனிகள். கம்பனி காணியை விடுவிக்காவிட்டால் கிராமத்தை எங்கே அமைப்பது? வலிகாமம் வடக்கில் காணி விடுவிப்புக்காக நின்ற உங்களுக்கு இது விளங்கும்.

ஆகவே, மலையகத்துக்குப் புதிய திணைக்களம், புதிய சபை என்று யார் திட்டம் கொண்டுவந்தாலும் மூன்று கேள்விகள் கேட்போம். காணியைப் பெற்று உறுதி வழங்க அதற்கு அதிகாரம் உண்டா? வரவு செலவுத் திட்டத்தில் ஆண்டுதோறும் தனி நிதி உண்டா? நிர்வாக சபையில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஓர் இடம் உண்டா?

பதில் எழுத்தில் வரட்டும். அதன் பிறகு பெயர்ப்பலகைக்கு மாலை போடுவோம்.