தங்கிப் பயில்வோருக்கு யார் ஆசிரியர்?



ஒதுக்கப்பட்ட மக்களிடையே தங்கி இளம் கலைஞர்கள் பயிற்சி பெறுவதைப் பற்றிப் பேச, இந்தக் கருத்தரங்கு நடக்கும் அமராவதி நகர் பொருத்தமான இடம். அமராவதி அணைக்கு மேலே, புலிகள் காப்பகத்துக்குள் தளிஞ்சி, மஞ்சம்பட்டி போன்ற மலையூர்கள் இருக்கின்றன. வடக்கே திருப்பூரின் லைன் வீடுகளில் தென்மாவட்டத்தாரும் பீகார், ஒடிசாக்காரரும் அடுத்தடுத்த அறைகளில் குடியிருக்கிறார்கள். இந்த இரு தரப்பாரையும் படம்பிடிக்க வருகிறவர்கள் உண்டு. இருந்து கற்றுக்கொண்டு போகிறவர்கள் குறைவு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தங்கிப் பயிலும் கலைஞருக்கு ஆசிரியரும் தேர்வாளரும் அந்த ஊராரே. இதை ஏற்காத பயிற்சி எத்தனை மாதம் நடந்தாலும் வேடிக்கை பார்ப்பதில்தான் முடியும்.

இதைப் பற்றி ஆழமாக யோசித்தவர்கள் இலங்கையின் மட்டக்களப்பில் இருக்கிறார்கள். அவர்களுக்கு முன், 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சு. வித்தியானந்தன் ஈழத்துக் கூத்தை நவீன மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இல் ‘கர்ணன் போர்’, 1964இல் ‘இராவணேசன்’. வட்டக்களரியில் விடியவிடிய ஆடியது, ஒருபக்கம் மட்டும் திறந்த மேடைக்குள் சுருங்கியது. படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கினார்கள். அந்தப் பெரும்பணியை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் எதை வெட்டுவது, எதை வைத்துக்கொள்வது என்ற முடிவு பல்கலைக்கழகத்தின் கைக்குப் போயிற்று.

பிற்காலத்தில் மட்டக்களப்பில் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும் சீலாமுனையில் எதிர்த்திசையில் நடந்தார்கள். கூத்து ஊரிலேயே இருந்தது. ஆய்வாளர்தான் ஊருக்குப் போனார். சாதிப் பெருமை பேசும் பகுதிகளை என்ன செய்வது, பெண் பாத்திரங்கள் இப்படியேதான் இருக்கவேண்டுமா என்ற கேள்விகள் கூத்தாடுகிறவர்கள் நடுவே வைக்கப்பட்டன. ஆய்வாளர் கேட்கலாம், வாதாடலாம். மாற்றுவது ஆடுகிறவர்களின் உரிமை. கூத்து மீளுருவாக்கம் என்று அவர்கள் அழைத்த இந்த முயற்சியை நம் நாடகத் துறைகள் பாடமாகவே வைக்கவேண்டும்.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பிள்ளைகள் பள்ளிப் படிப்பையும் கூத்தையும் சேர்த்தே படித்தார்கள். பெண்பிள்ளைகளும் வேடம் கட்டினார்கள். சிறுவயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்குப் போனவர் இராஜகோபால். தன் இழப்பு அடுத்த தலைமுறைக்கு நேரக்கூடாது என்று எண்ணியவரிடம் போய்ப் பயில்வது, எந்தக் கலைக்கல்லூரிப் பட்டத்துக்கும் குறைந்ததாகாது. புகைப்படக் கலைஞர் எம். பழனிகுமார் இன்னொரு வழியைக் காட்டுகிறார். மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் அவர். துப்புரவுத் தொழிலாளரின் வாழ்வையும் சாவையும் படமெடுத்தவர், அவர்களுடைய பிள்ளைகளின் கையில் கேமராவைக் கொடுத்துக் கற்பித்தார். போனவர் திரும்பியபின் அந்தத் தெருவில் ஒரு கலைஞராவது மிஞ்சவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

திருப்பூரில் இப்படித் தங்கிப் பயில்வது எளிதில் நடக்காது. காலை எட்டரைக்குப் பனியன் கம்பெனிக்குள் போகிறவர் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில்தான் வெளியே வருகிறார். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு ஒரு நாளில் துவைப்பது, சந்தைக்குப் போவது, ஊருக்குப் பேசுவது எல்லாம். மாலை ஐந்து மணிக்குப் பட்டறை வைத்தால் யார் வருவார்? பீஸ் ரேட்டில் ஓவர்லாக் ஓட்டுகிறவருக்கு நம்மோடு பேசும் ஒரு மணி நேரம் கூலி இழப்பு. கலைஞருக்கு உதவித்தொகை தரும் அமைப்பு, கற்றுத்தருகிற அவருக்கும் ஊதியம் தரவேண்டும். மலையிலோ, காலமும் காரியமும் பார்த்துப் பாடும் பாட்டுகள் உண்டு. ‘இது பதிவுக்கு இல்லை’ என்று மூத்தவர் சொன்னால் பதிவுக்கருவியை அணைத்துவிட்டு உட்காரத் தெரிந்தவரே பயிற்சி பெற்றவர்.

இந்தக் கருத்தரங்கில் கட்டுரை வாசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பணியைப் பற்றி அந்த ஊரார் சொன்ன குறைகளையும் மறைக்காமல் அவையில் வையுங்கள். கல்லூரிகளுக்கும் சொல்கிறேன்: மாணவர் செய்த படைப்பு முதலில் அந்தத் தெருவிலேயே அரங்கேறட்டும். பார்த்தவர்கள் பேசி முடித்தபிறகு மதிப்பெண் போடுங்கள்.