ஒப்பந்த மேசையில் நம் பிள்ளைகள்

(நம் சங்கத்தின் மர்பி டவுன் கூட்டத்தில் பெற்றோர்கள், மாணவர்கள் முன் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் நம் சங்கத்துக்கு ஒரு தாய் வந்தார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து மகளை பி.ஏ. வரை படிக்க வைத்தவர். "அண்ணே, இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணுமாம். சர்வதேச உறவாம். நம்ம ஊர்ல இருக்கிற உறவையே கட்டி இழுக்க முடியல, இதுல சர்வதேச உறவு எதுக்கு?" என்று கேட்டார். நாம் எல்லோரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான், அந்தத் தாய்க்கு நாம் பதில் எதுவும் சொல்லவில்லை என்பது உறைத்தது. அந்தப் பதிலைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறோம்.

நர்சிங் என்றால் நமக்குப் புரிகிறது. பி.காம். என்றால் புரிகிறது. சர்வதேச உறவுகள் எம்.ஏ. என்றால் அது தூதர் வீட்டுப் பிள்ளைகளும் ஜெனரல் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கும் படிப்பு என்று ஒதுங்கிவிடுகிறோம். ஆனால் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடக்கும் பேச்சால் யாருடைய அடுப்பு அணைகிறது? யாருடைய குடும்பம் இரண்டாகப் பிரிகிறது? சிந்தித்துப் பாருங்கள்.

1964 அக்டோபர் 30ஆம் நாள் புதுதில்லியில் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலையகத் தோட்டங்களில் கொழுந்து பறித்த, பால் வெட்டிய தமிழர்கள். 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியிருந்தது. அவர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். பத்தாண்டு கழித்து, 1974இல், அந்த மீதியையும் ஆளுக்கு 75,000 என்று பாதியாகப் பங்கிட்டார்கள். இந்தியா ஏழு பேரை ஏற்றால் இலங்கை நான்கு பேருக்குக் குடியுரிமை தரும் என்பது விகிதம். சந்தையில் ஆடு மாடு விற்பவன்கூட ஒவ்வொன்றாகப் பல்லைப் பிடித்துப் பார்த்துத்தான் பேரம் பேசுவான்!

அந்த மக்களின் சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ், தங்களைக் கலந்து பேசாமலே இந்த முடிவு எடுக்கப்பட்டது என்று கண்டித்தது. கண்டனத்தை யார் கேட்டார்கள்? ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஆனது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயரைப் பதிந்துகொண்டு, கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனார்கள். நாம் வாழும் இதே கர்நாடகத்தில், சுள்ளியா, புத்தூர்ப் பக்கத்து அரசு ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டப் போனவர்களும் அந்த மக்களே. ஒப்பந்தத்துக்குக் கொடுத்த கெடு 15 ஆண்டு. ஆனால் அங்கே எஞ்சிய நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கை 2003இல்தான் கொண்டுவந்தது. கையெழுத்து விழுந்து 39 ஆண்டுகள்! பிறந்த குழந்தை பேரப்பிள்ளை எடுக்கும் காலம்.

நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் அந்த மேசையில் இருந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நாம் சொல்லவில்லை. அதிகாரி அரசு சொன்னபடி எழுதுபவர்தான். ஆனால் ஒப்பந்தத்தின் ஒவ்வொரு ஷரத்தையும் வாசித்து, எது கட்டாயம், எது வெறும் வாக்குறுதி, எந்த இடத்தில் நாம் எதிர்த்துப் பேசலாம் என்று நமக்கு எடுத்துச் சொல்ல நம்மிடம் எத்தனை பேர் இருந்தார்கள்? தலைவர்கள் இருந்தார்கள். கூட்டம் சேர்ப்பவர்கள் இருந்தார்கள். வாசிப்பவர்கள்தான் குறைவு.

இலங்கையோடு இது முடியவில்லை. வளைகுடாவுக்கு டிரைவராகவும் கொத்தனாராகவும் போகிறவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு தேறாதவர் குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் தனி அனுமதி வேண்டும் என்று வைத்தார்கள். அங்கே போன பிறகு பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்டால் என்ன செய்வது? தூதரகத்துக்கு எவ்வளவு அதிகாரம்? அந்த நாட்டோடு நம் அரசு தொழிலாளர் உடன்பாடு போட்டிருக்கிறதா? இவை எல்லாம் சர்வதேச உறவுகள் வகுப்பில் நடக்கும் பாடங்கள்தான்.

இந்தப் படிப்பு பிறந்த கதையும் கேட்கத்தக்கது. முதல் உலகப் போர் முடிந்து, இனி இப்படி ஒரு போர் வேண்டாம் என்று உலகம் நடுங்கிய 1919இல், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அபரிஸ்ட்வித் என்ற சிற்றூரில்தான் இதற்கென முதல் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தினார்கள். அதற்குப் பணம் கொடுத்தது டேவிஸ் குடும்பம். அவர்களுடைய செல்வம் நிலக்கரிச் சுரங்கத்தில் வந்தது. சுரங்கத் தொழிலாளியின் வியர்வையில் எழுந்த நாற்காலி! கோலார் தங்கவயலில் தாத்தாவைப் பறிகொடுத்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் 1955இல் தில்லியில் இதற்கென ஒரு கல்விக்கூடம் தொடங்கினார்கள். அது 1970இல் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. கல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் தனித் துறை இருக்கிறது. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் படிக்கலாம். ராத்திரி பஸ் ஏறினால் காலையில் போய்ச் சேர்ந்துவிடலாம். தெற்காசிய நாடுகள் கூடி 2010இல் தில்லியில் தொடங்கிய தெற்காசியப் பல்கலைக்கழகத்தில் இலங்கை, நேபாளப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கலாம். இரண்டு ஆண்டுப் படிப்பு. சர்வதேசச் சட்டம், ஐ.நா. போன்ற அமைப்புகள், இந்தியாவின் வெளியுறவுக் கொள்கை, உலகப் பொருளாதாரம், ஏதாவதொரு பகுதி நாடுகளின் அரசியல் என்று பாடங்கள் போகும்.

பெங்களூரிலேயே தனியார் இடங்களிலும் இந்தப் படிப்பு உண்டு. லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். "படித்து முடித்தால் ஐ.நா. சபையில் வேலை" என்று சொல்லிப் பணம் கட்டச் சொன்ன ஒரு தரகரை நம் சங்கத்தார் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. ஒளிக்காமல் சொல்கிறோம்: இது வேலை உறுதியான படிப்பு அல்ல. இந்திய வெளியுறவுப் பணிக்குப் போக இந்தப் பட்டம் தேவையே இல்லை. ஏதேனும் ஒரு பட்டம் போதும், சிவில் சர்வீஸ் தேர்வில் வெல்ல வேண்டும். ஆனால் அந்தத் தேர்வின் விருப்பப் பாடங்களில் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்து ஒரு பாடம். முதன்மைத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். ஆசிரியப் பணி, பத்திரிகை, தொழிற்சங்கம், தொண்டு நிறுவனம் என்று வேறு வழிகளும் இருக்கின்றன. கடன் வாங்கித் தனியாரிடம் கொட்டாதீர்கள். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு முயலுங்கள்.

அங்கே இரண்டு தடைகள். ஒன்று மொழி. மத்தியப் பல்கலைக்கழகங்களின் முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வை இந்தப் பாடத்துக்கு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுத வேண்டும். தமிழில் படித்த பிள்ளைக்கும் கன்னடத்தில் படித்த பிள்ளைக்கும் ஒரே கதிதான். இப்போதே தினம் ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தை அகராதியோடு உட்கார்ந்து படிக்க வேண்டும். வேறு குறுக்கு வழி நமக்குத் தெரியவில்லை.

இன்னொன்று, புலம்பெயர்ந்த நமக்கென்றே வைத்த தடை. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை வந்தபோது குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாக இருந்ததோ அந்த மாநிலத்தவர் என்றே கொள்வார்கள். கண்டோன்மெண்ட் காலத்திலேயே இங்கே குடியேறிய குடும்பம் வேறு, 1970களில் வட ஆற்காட்டிலிருந்து ரயில் ஏறி வந்த குடும்பம் வேறு. பின்னால் வந்தவர் இந்த மாநிலத்தின் சலுகையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. இதைக் கேட்டுவிட்டு "நமக்கு ஒன்றுமே கிடையாது" என்று கைகழுவிவிடுகிறார்கள். அது தவறு! மத்திய அரசின் 1985ஆம் ஆண்டு உத்தரவின்படி, தந்தைக்கோ தாய்க்கோ சொந்த மாநிலத்தில் கொடுத்த சான்றிதழைக் காட்டினால் இங்குள்ள அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் தரலாம். அதைக் கொண்டு கர்நாடக அரசின் சலுகை கிடைக்காது. மத்தியப் பல்கலைக்கழகத்தில் இட ஒதுக்கீடு கிடைக்கும். பாதிக் கதவு திறந்திருக்கிறது என்பது தெரியாமல் திரும்பிப் போன பிள்ளைகள் எத்தனை பேரோ!

வெளிநாடு சென்று படிக்க தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஒன்றும் உண்டு. 2022இல் அதன் விதிகளைத் திருத்தி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவி இல்லை என்றார்கள். அதாவது நம் பிள்ளை வெளிநாடு போய் மற்ற நாட்டைப் பற்றி எழுதலாம், தன் சேரியைப் பற்றி எழுதக் கூடாது! இதை எதிர்த்து எழுப்பிய குரலில் நம் குரலும் சேர வேண்டும்.

கே. ஆர். நாராயணனைப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். கேரளத்து உழவூரில் ஏழைத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். மைல் கணக்கில் நடந்து பள்ளிக்குப் போனவர். டாடா உதவித்தொகையில் லண்டன் பொருளாதாரப் பள்ளிக்குப் போய் ஹெரால்டு லாஸ்கியிடம் அரசியல் படித்தார். 1949இல் வெளியுறவுப் பணியில் சேர்ந்தார். 1962 போருக்குப் பின் சீனாவுக்கு மறுபடி தூதரை அனுப்ப இந்தியா முடிவு செய்தபோது, 1976இல், அனுப்பியது இவரைத்தான். பிறகு ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்துக்கே துணைவேந்தர், அமெரிக்காவில் தூதர், 1997இல் குடியரசுத் தலைவர். ஒருவர் போனதால் பாதை போட்டாயிற்று என்று எண்ண வேண்டாம். அவருக்குப் பின் அந்த வழியில் எத்தனை பேரை விட்டார்கள் என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

அந்தத் தாய் இன்று இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருடைய கணவருக்கு ஊரில் கொடுத்த சான்றிதழ் டிரங்குப் பெட்டியின் அடியில் இருந்து கிடைத்துவிட்டதாம். ஓரம் செல்லரித்திருக்கிறது, முத்திரை தெளிவாக இருக்கிறது. வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு விண்ணப்பம் எழுதும் வேலையைத் தொடங்குகிறோம். மற்றவர்களும் வாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் போதாது, அசலையும் கையோடு கொண்டுவாருங்கள்.