அரைப்பேரும் அரைநாளும்

(பூனாகலையில் ஆசிரியர்களும் விவசாயிகளும் தோட்டத் தொழிலாளரும் கூடிய கூட்டமொன்றில் பத்திராதிபர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்திரிகைத் தொழிலைப் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். அதன் பெருமையை வேறு எவரேனும் பேசட்டும். நான் செய்த பிழையொன்றிலிருந்து தொடங்குகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு தோட்டத்திலிருந்து கடிதமொன்று வந்தது. கொழுந்தெடுக்கும் தாய் ஒருவர் சொல்ல, அவருடைய மகன் எழுதியது. காலை முதல் மாலை வரை மலையில் நின்றும் அரைப்பேர்தான் போட்டார்கள் என்பது அதன் சாரம். பட்டணத்து வாசகருக்கு 'அரைப்பேர்' விளங்காதே என்று கருதி, அச்சொல்லை அடித்துவிட்டு 'அரைநாள் வேலை' என்று எழுதினேன். அச்சேறிவிட்டது. மறுவாரம் அந்தப் பிள்ளையிடமிருந்து ஒரே வரி வந்தது: "ஐயா, அம்மா முழுநாளும் வேலை செய்தார்."

இங்கிருப்போருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குறித்த கிலோக் கொழுந்து நிறையாவிட்டால், முழுநாள் உழைப்புக்கும் பாதிச் சம்பளம் எழுதுவதே அரைப்பேர். முறையீட்டின் உயிரே அந்தச் சொல்லில்தான் இருந்தது. என் திருத்தத்தினால், வஞ்சிக்கப்பட்ட ஒருத்தி பாதி வேலை செய்துவிட்டுப் போனவளாகிவிட்டாள். தமிழைச் செம்மைப்படுத்தியதாகவே நான் அன்று எண்ணியிருந்தேன்.

இது என்னோடு தொடங்கிய நோயன்று. தோட்டத்துத் தமிழைத் துரைமாருக்குக் கற்பிக்க 1915இல் வெல்ஸ் என்பவர் ஒரு நூல் வெளியிட்டார். 'கூலித் தமிழ்' என்பதே அதன் பெயர். வேலை வாங்குவதற்கு வேண்டிய தமிழ் அது. அந்நூலையும் அதையொத்த பிறவற்றையும் ஆராய்ந்து, அதே பெயரில் 2014இல் நூல் தந்தவர் நமது பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தன். தமிழில் எழுதப்பட்டமையால் மாத்திரம் ஓர் எழுத்து நம்முடையதாகிவிடாது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 1869இல் வெளிவந்த 'கோப்பி கிருஷிக் கும்மி' என்ற நூல் தமிழ்தான். ஆனால் அது நின்ற இடம் துரையின் பக்கம்.

கோ. நடேசய்யர் இதனை உணர்ந்திருந்தார். புடைவை வியாபாரியைப் போலத் தோட்டங்களுக்குள் நுழைந்து, கண்டதையும் கேட்டதையும் கொண்டு எழுதினார் என்பர். அவருடைய 'தேசபக்தன்' சூடு பெற்றது அவ்விதமே. அவர் துணைவியார் மீனாட்சியம்மை பாட்டாகவே பாடி மக்களிடம் கொண்டு சென்றார். பின்னர் சி. வி. வேலுப்பிள்ளை லயங்களில் வழங்கிய பாடல்களைத் தொகுத்தார். ஊவாக்கட்டவளையில் பிறந்த தெளிவத்தை ஜோசப் கதையோடு நிற்காமல், மலையகச் சிறுகதையின் வரலாற்றையும் எழுதினார். ஆகவே, நமக்குள் அறிஞர் இல்லை என்று எந்தப் பத்திரிகையும் சாக்குச் சொல்ல இடமில்லை. ஆயினும் மலையகம் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்றால், முதலில் கொழும்புக்கே தொலைபேசி போகிறது!

இதன் விலை என்ன? 1948இல் குடியுரிமை பறிபோயிற்று. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் 9,75,000 மக்களைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி பின்னர் என்று பங்கு பிரித்தார்கள். பங்கிடப்பட்ட மக்களை எவரும் கேட்கவில்லை. கேளாததைச் செய்தி என்று எத்தனை ஆசிரியபீடங்கள் கருதின?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் அயலிலுள்ள மீரியபெத்தையை எடுத்துக்கொள்வோம். 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் மலை இறங்கி லயங்களை மூடிற்று. 2005இலும் 2011இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது என்ற வாக்கியம் பத்திரிகைகளில் வந்தது. அவ்வாக்கியத்தை ஒரு பத்திராதிபன் கண்ணோடு பாருங்கள். யார் விடுத்தார்? எவரிடம் விடுத்தார்? போ என்றால் போவதற்குப் பேர்ச் காணி எங்கே இருந்தது? செயப்பாட்டு வினையில் இந்த மூன்று கேள்விகளும் மறைந்துபோய், செத்தவர்களே குற்றவாளிகள் என்ற தொனி மட்டும் எஞ்சி நின்றது. தப்பியவர்களிடமோ, எத்தனை பேரை இழந்தீர்கள் என்றே கேட்டார்கள்; மலை எப்போது முதல் வெடித்திருந்தது என்று கேட்டவர் அரிது. 2023 மார்ச்சில் இதே பூனாகலையின் கபரகலையில் மண் சரிந்தது. நிலம் நகர்வதை முதலில் அறிபவர் அதில் கால் வைத்து நடப்பவரே. மரக்கறித் தோட்டம் செய்யும் தோழர்களுக்கு இது தெரியும். அந்த அறிவும் அறிவுதான். அதனை நிபுணர் கூற்றுக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும்.

நம்மைப் பற்றி மட்டும் முறையிட்டால் அது நேர்மையாகாது. இதே பதுளை மாவட்டத்தில், மகியங்கனைக்கு அப்பால் தம்பானையில் ஆதிக்குடிகள் வாழ்கிறார்கள். தம்மை 'வன்னியலெத்தோ', அதாவது காட்டில் வாழ்வோர், என்கிறார்கள். நாமோ 'வேடர்' என்றே எழுதுகிறோம். தோளில் கோடரியோடு ஒரு படம், அதற்குக் கீழே ஒரு வியப்புக்குறி. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்காவாக்கப்பட்டபோது அவர்களுடைய வேட்டைக்காடு அவர்களுக்கே தடைசெய்யப்பட்டது. அதுபற்றி ஊருவரிகே வன்னில அத்தோ என்ன சொல்கிறார் என்பதைத் தமிழில் முழுமையாக வெளியிட்ட தமிழ் ஏடுகள் எத்தனை? 'தோட்டக்காட்டான்' என்ற சொல்லால் நொந்த நமக்கு இதில் கூடுதல் கடன் உண்டு.

எங்கள் ஏட்டில் இப்போது சில வழக்கங்கள் வைத்திருக்கிறோம். சொன்னவரின் சொல்லை மாற்றுவதில்லை. பிரட்டும் கவ்வாத்தும் அரைப்பேரும் அப்படியே அச்சேறும், விளக்கம் வேண்டுமானால் அடுத்த வரியில் வரும். அச்சுக்குப் போகுமுன் சொன்னவருக்கே வாசித்துக் காட்டுகிறோம். தாமதமாகிறதுதான், இரண்டு முறை முக்கியச் செய்தியையே தவறவிட்டோம். பேர் வெளிவந்தால் வேலை போகும் என்று அஞ்சுவோரின் பேரை மறைக்கிறோம். எழுதுபவருக்குச் சன்மானமும் உண்டு, சிறியதுதான். ஆசிரியர்களே, உங்கள் மாணவர் எழுதும் கட்டுரைகளைத் திருத்தும்போதும் இந்த அரைப்பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

கபரகலையிலிருந்து வந்துள்ள தாயார் ஒருவர் பேச இசைந்திருக்கிறார். கடைசி பஸ்ஸுக்கு முன் அவர் பேசி முடிக்க வேண்டும். நான் அமர்கிறேன்.