வெற்றுமனையில் விளைந்த மானம்

(தமிழ்மன்றக் கூட்டமொன்றில் ஆற்றிய பொழிவு)



திருக்குறளில் உழவு 104ஆம் அதிகாரம். அதனை அடுத்து நிற்பவை நல்குரவு, இரவு, இரவச்சம் என்னும் மூன்று. உழவு கைவிட்டால் வறுமை வரும். வறுமை முற்றின் இரத்தல் வரும். மானமுடையான் அதற்கு அஞ்சுவான். அவ் வைப்புமுறையே ஒரு பாடமன்றோ? அப் பாடத்தைக் கடல் கடந்த ஒரு நகர் பட்டறிவால் கற்ற வரலாற்றைக் கூறவே இன்று வந்தேன்.

அமெரிக்காவில் 1893ஆம் ஆண்டு பெரும் பொருள்முடை நேர்ந்தது. வைப்பகங்கள் மூடப்பட்டன, இருப்புப்பாதைக் குழுமங்கள் நொடித்தன. மிச்சிகன் மாநிலத்துத் தெட்ராயிட்டு நகரில் தொழிலாளர் வேலையிழந்தனர். அவருள் போலந்து, செருமனி நாடுகளினின்று குடியேறியோர் பலர். உழைக்கும் கைகள் தெருவில் வெறுங்கைகளாய் நின்றன!

நகர்த் தலைவர் ஏசன் பிங்கிரி என்பார். காலணித் தொழிலில் பொருளீட்டியவர். ஒருபால் பசித்த மாந்தரைக் கண்டார். மறுபால் விலையேற்றம் நோக்கி வாளா கிடந்த வெற்றுமனைகளைக் கண்டார். இவ் விரண்டையும் இணைத்தார். 1894இல், மனைகளைப் பயிரிடத் தருமாறு உடையவர்களை வேண்டினார். செய்தித்தாள்கள் எள்ளின. கோயில்களில் தண்டிய தொகையோ மிகச் சிறிது. பிங்கிரி என் செய்தார்? தம் குதிரையைப் பொதுவில் விலைகூறி விற்று முதல் சேர்த்தார்!

ஏறத்தாழ 430 ஏக்கர் நிலம் 945 குடிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. உருளைக்கிழங்கும் அவரையும் பிறவும் விளைந்தன. பயிரிடும் முறை மூன்று மொழிகளில் அச்சிட்டு வழங்கப்பட்டது. இதனை ஊன்றி நோக்குமின்! பசித்தவனிடம் அவன் மொழியிற் பேசினாலன்றிப் பயனில்லை என்னும் அறிவு அவ் வாட்சிக்கு இருந்தது. உழவனுக்கு உரைப்பதை உழவன் மொழியில் உரையாதார் எந் நாட்டினராயினும் இதனைக் கற்பாராக!

முதலாண்டு விளைச்சலின் மதிப்பு, செலவைப்போல் மும்மடங்கினும் மிகுதி. எள்ளியோர் வாயடைத்தனர். நியூயார்க்கு, பாசுட்டன், பிலடெல்பியா முதலிய நகர்களும் இவ் வழியைப் பின்பற்றின.

ஆயினும் ஒரு குறை. அந் நிலம் இரவல் நிலம். நற்காலம் திரும்பியதும் மனைகள் உடையவரிடமே மீண்டன, தோட்டங்கள் மறைந்தன. 1930களில் மீண்டும் பெருமுடை. மீண்டும் அந் நகரில் தோட்டங்கள். 2013இல் தெட்ராயிட்டு நகராட்சியே நொடிப்பு அறிவித்தது. மக்கள் நீங்கிய மனைகளில் மீண்டும் கீரையும் காயும் விளைந்தன. நூற்றிருபது ஆண்டுகளில் ஒரே பாடம் மும்முறை! முடை வந்தால் நிலம் தருவதும், முடை நீங்கினால் பறிப்பதும் எவ்வகை முறை?

அவையீர்! பசித்தவனுக்குச் சோறிடுவது அறம். சோற்றை விளைத்துக்கொள்ள நிலமிடுவது பேரறம். அந் நிலத்தை அவன் உரிமையாக்குவதே முறை. இரவல் நிலத்தில் வயிறு நிறையலாம்; மானம் வேரூன்றாது. நம் நகர்களிலும் முட்புதர் மண்டிய பொதுமனைகள் உள. அவற்றை உழைப்பவர்க்கு உரிமையுடன் வழங்குமாறு நகராட்சிகளைக் கேட்போம். இரந்தன்று, உரிமையாகக் கேட்போம்!